வெல்டரின் பல் படம்

பல்லைப் படம் பிடித்துக்கொண்டு யாராவது இடிபாடு அள்ளப் போவார்களா?

பக்கத்து வீட்டு வெல்டரின் மனைவி, புருஷனின் பல் படம் என்று சொல்லி ஒரு பழுப்பு உறையை என் மேசைமேல் வைத்ததும் எனக்குத் தோன்றிய முதல் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி.

"நீங்கதானே அக்கா அந்தப் பாஷை படிப்பீங்க. என்ன எழுதியிருக்குன்னு பார்த்துச் சொல்லுங்களேன்."

கப்பல் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் தட்டச்சு செய்தவள் நான். அவள் புருஷன் போகப்போகிற நாட்டு மொழி எனக்கு அத்துப்படி. ஆனாலும் உறையை உடனே தொடவில்லை. அவசரப்பட்டால் வம்புக்கு அலைகிறவள் என்று பெயர் வந்துவிடும்.

உட்காரச் சொன்னேன். அவள் உட்காரவில்லை.

வெல்டர்மேல் எனக்குப் பத்து நாளாகவே ஒரு கண். அந்த நாட்டில் பூகம்பம் வந்து நிலம் ஆட ஆரம்பித்துப் பத்து நாள் ஆகிறது, இன்னும் நின்றபாடில்லை. தினம் ஒரு கட்டடம் விழுகிறது. தொண்டர் படையில் முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டு வந்தான் இவன். இடிந்த கான்கிரீட்டில் கம்பி அறுக்க வேண்டுமாம். என் வீட்டுக் கேட்டுக்கு ஒரு கீல் ஒட்டித் தர ஒன்றரை மாதம் இழுத்தடித்த ஆள், கடல் தாண்டிப் போய்ச் சும்மா அறுத்துத் தரப் போகிறான். நம்புகிறவர்கள் நம்பட்டும்.

முடியை ஒட்ட வெட்டினான். புதுக் காலணி வாங்கி, அது காலுக்குப் பழகவேண்டும் என்று மாடிப்படியில் ஏறி ஏறி இறங்கினான். கையில் இரண்டு தடுப்பூசி. அதையெல்லாம்கூட விட்டுவிடலாம்.

அவர்கள் குளியலறைச் சன்னல் என் சமையலறைக்கு நேர் எதிரே. உள்ளே நின்று அந்த மொழியில் மனப்பாடம் செய்கிறான்.

'எங்கே இருக்கிறாய்? குரல் கொடு. நான் வந்துகொண்டே இருக்கிறேன். பயப்படாதே, உன்னை விட்டுப் போகமாட்டேன்.'

கட்டின மனைவியிடம் பதினோரு வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தை பேசியிருப்பானா? நான் கேட்டதில்லை. எனக்குக் கேட்காமல் அந்த வீட்டில் யாரும் எதுவும் பேசிவிட முடியாது.

இதை நான் அவளிடம் சொல்லவில்லை. தெருவில் நாலு பேரிடம் மட்டும் சொன்னேன்.

அவன் அம்மாவிடமும் சொல்லவில்லை. தெருக்கோடியில் இருக்கிற அந்த அம்மாள் தினமும் சாயங்காலம் மகன் வீட்டுச் செய்தி கேட்க என்னிடம்தான் வருவாள். 'நான் செத்த பிறகு போ' என்று போன வாரம் பாஸ்போர்ட்டையே ஒளித்து வைத்துவிட்டாள். அவள் காலில் விழுந்துதான் மகன் அதை வாங்கியிருக்கிறான். நாளை மறுநாள் விமானம். இன்னும் ஒரு துரும்பு கிடைத்தால் போதும், வாசலில் குறுக்கே படுத்துவிடுவாள்.

"ஒரு பல்லும் வலிக்கலை, அக்கா. பின்ன எதுக்குப் படம்?" என்றாள் மனைவி.

"உன் புருஷன் அங்க போய் யார்கிட்ட பல்லைக் காட்டப் போறானோ, யார் கண்டா?"

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் கோபப்படவில்லை. எனக்கு அதுவே ஒரு மாதிரி இருந்தது.

உறையைப் பிரித்தேன். கறுப்பு எக்ஸ்ரே படம் இரண்டு, மேல் வரிசை, கீழ் வரிசை. கடைவாயில் அடைத்த பல் ஒன்று வெள்ளையாகத் தெரிந்தது. கூடவே ஒரு தாள். ஒவ்வொரு பல்லுக்கும் எண் போட்டு, கீழே மூன்று வரி.

வாசித்தேன். மறுபடியும் வாசித்தேன்.

'முகத்தைக் கொண்டு அடையாளம் காண இயலாத நிலையில், உடலை உரியவர்களிடம் ஒப்படைக்க இப்படம் பயன்படும். ஒரு பிரதி குழுவிடமும் ஒரு பிரதி வீட்டிலும் இருக்க வேண்டும்.'



இப்படி ஒரு செய்தி கிடைத்தால் தெருவில் ஒரு மாதம் ஓட்டலாம். நிமிர்ந்தேன். அவள் தாளைப் பார்க்கவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கதவு நிலையைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

"ஒண்ணுமில்லடி. பல்லு நல்லா இருக்குன்னு சர்டிபிகேட். அங்க பல் டாக்டருக்கு எங்க போறது? நடுவுல வலி வந்தா வேலை கெட்டுடும்ல, அதான் முன்னாடியே பார்த்துடறாங்க."

ஒரு செய்தியைக் குறைத்துச் சொன்னது என் ஆயுளில் அதுதான் முதல் தடவை. எனக்குக் கூட்டித்தான் பழக்கம்.

அவள் நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

"நல்லா சொன்னீங்க அக்கா. சாயங்காலம் அத்தை வந்து கேட்டா இதையே சொல்லிடுங்க. ஒரு வார்த்தை மாத்தாம."

அதென்ன 'நல்லா சொன்னீங்க'?

உறைக்காகக் கை நீட்டினாள். கொடுப்பதற்கு முன் தாளைத் திருப்பிப் பார்த்தேன்.

பின்பக்கம் ஒரே ஒரு வரிதான் இருந்தது. 'இதில் உள்ளவை அனைத்தும் என் மொழியில் எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. புரிந்துகொண்டேன்.'

கீழே, முந்தாநாள் தேதி போட்டு, அவளுடைய கையெழுத்து.