அம்மா காதில் ஹெட்போன்

மாலை வெயில் ஜன்னல் கம்பியில் மஞ்சளாக நிற்கிறது. சாப்பாட்டு மேசையில் அம்மா ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்குகிறாள்; தோல் ஒரு கிண்ணத்தில், பருப்பு ஒரு கிண்ணத்தில். பக்கத்திலேயே என் டிஜிட்டல் பியானோ. கீழ்வீட்டுக்காரர்களுக்குத் தொந்தரவாகாமல் எப்போதும் ஹெட்போனில்தான் வாசிக்கிறேன். கட்டைகளின் டக் டக்கைத் தவிர இந்த வீட்டில் யாரும் என் வாசிப்பைக் கேட்டதில்லை. பியானோ மேல்நிலைத் தேர்வில் வாசிக்க, பத்தொன்பதாம் நூற்றாண்டு ரொமான்டிக் காலத்துப் பெரிய படைப்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்து இன்று ரிச்சர்ட்ஸ் டவுன் பியானோ வகுப்பில் சொல்லியாக வேண்டும். பிராம்ஸின் ராப்சடி கைக்குப் பழகிவிட்டது. மனம் கேட்பது ஷோப்பானின் பல்லாட்; அதன் கடைசிப் பக்கத்தில் என் கை தடுமாறும். “எதுன்னு முடிவு பண்ணியா நிரு?” “நீயே கேட்டுச் சொல்லும்மா.” “எனக்கென்னடி தெரியும்? கை வேற ஈரம்.” நானே ஹெட்போனை அவள் காதில் மாட்டுகிறேன்.

இப்போது எனக்கும் வெறும் டக் டக்தான். ராப்சடி முழுவதும் பருப்பு ஒரே சீராகக் கிண்ணத்தில் விழுகிறது. பல்லாட்டின் நடுவில் ஒரு பருப்பு அவள் விரலிடுக்கில் அப்படியே நிற்கிறது. சரியாக வாசித்த இடமா, பிசகிய இடமா, எனக்குத் தெரியவில்லை. அவள் கண் என்மேல் இல்லை. ஜன்னலுக்கு வெளியே, தண்ணீர் லாரி போன தெருவில் இருக்கிறது. “நீயாடி வாசிக்கறே இது?” அடுத்த அறையில் இருப்பவளிடம் கேட்பதுபோல் கத்துகிறாள். “ஆமாம்மா” என்கிறேன். அவளுக்குக் கேட்கவில்லை. வாசிப்பை நிறுத்தினால் கேட்கும். நிறுத்தாமல் கடைசிப் பக்கத்துக்குப் போகிறேன்.