ஊறப் போடாத வெங்காயம்

சொர்ணலதாவின் டிஸ்மிஸ் ஆர்டரைத் தானே டைப் அடித்து, தானே கையெழுத்தும் போட்டு, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார் மையத்தின் நிர்வாகி லிங்கேஸ்வரன். கையும் களவுமாகப் பிடித்து, அங்கேயே கொடுத்துவிட்டு வருவதாகத் திட்டம்.

பின்னே என்ன? ஏழை நாடுகளில் மனநலத்துக்கு ஒருவரும் பணம் ஒதுக்குவதில்லையே என்று வருத்தப்பட்டு, கடல் தாண்டி இருக்கிற ஒரு தொண்டு நிறுவனம் சின்னமனூரைத் தேடிப் பிடித்து ஆலோசனை மையம் வைத்துக் கொடுத்திருக்கிறது. சத்தம் வெளியே போகாத அறை, உட்கார்ந்தால் ஆளை உள்ளே இழுக்கிற இரண்டு சோபா, அழுகிறவர்கள் கண் துடைக்க மேஜைமேல் ஒரு பெட்டி டிஷ்யூ. எல்லாம் அவர்கள் அனுப்பிய பட்டியல்படிதான்.

திறந்து பதினான்கு மாதம் ஆகிறது. ஒரு ஆள் படியேறவில்லை. பெட்டியில் குறைந்திருந்த நாலைந்து தாளும் லிங்கேஸ்வரன் மூக்குக்கண்ணாடி துடைக்க எடுத்தவை.

வெள்ளிக்கிழமை அவர்கள் நேரில் வருகிறார்கள். அறை காலியாக இருந்தால் நிதி வேறு நாட்டுக்குப் போய்விடும், மையத்தை இழுத்து மூட வேண்டியதுதான். இதை நினைத்து நினைத்தே அவருக்குப் பொங்கலிலிருந்து தூக்கம் போச்சு. நேற்று டிரைவர்மேல் எரிந்து விழுந்தார். இன்று காலை தோசைத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். உங்களுக்கு என்னதான் செய்கிறது என்று மனைவி கேட்டதற்கு, எனக்கென்ன கேடு என்று கதவைச் சாத்தினார்.

இந்த லட்சணத்தில், ஊருக்குள் போய் ஆட்களை அழைத்துவர வேண்டிய களப்பணியாளர் சொர்ணலதா, தினமும் பத்து மணிக்கு வெங்காய மண்டியின் தகரச் செட்டில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிக்கிறாளாம். மொட்டைக் கடுதாசி வந்திருந்தது. அவள் பதிவேட்டில் மட்டும் பயனாளிகள் இருபத்து மூன்று பேர்.

கடுதாசி பொய்யில்லை. செட்டுக்குள் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருக்க, நடுவில் கத்தியும் கையுமாக சொர்ணலதா. அவள் உரித்ததெல்லாம் பக்கத்தில் இருந்தவளின் கூடையில் விழுந்துகொண்டிருந்தது.

"ஆபீஸ் நேரத்துல இங்க என்ன வேலை?"

"ஆபீஸ் வேலைதான் சார்."

மையத்துப் படியில் ஒருத்தி கால் வைத்தால், சாயங்காலத்துக்குள் அவளுக்குப் பைத்தியம் என்று ஊர் முடிவு கட்டிவிடும், அப்புறம் அவள் மகளுக்கு மாப்பிள்ளை வராது, அதனால்தான் நானே இங்கே வந்துவிட்டேன் என்றாள் அவள். லிங்கேஸ்வரனுக்கு அதைக் கேட்கப் பொறுமையில்லை. வெங்காயக் காரம் வேறு கண்ணைப் பிடுங்கியது.

"முதல்ல இதைத் தண்ணியில ஊறப் போட்டு உரிக்கச் சொல்லு. கண்ணு எரியாது. இதுகூடவா தெரியாது?"

உரிக்கிற பெண்களுக்கு மேஸ்திரி மாயக்காள் தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னாள்.

"தெரியும் சார். ஊறப் போட்டா கண்ணு எரியாது. தோலும் லேசா வந்துரும், வேலை சட்டுனு முடிஞ்சுரும்." ஒரு வெங்காயத்தின் வாலை நறுக்கினாள். "அப்பறம் நாங்க எங்கன உக்காந்து அழுகுறது?"

லிங்கேஸ்வரன் அப்போதுதான் பார்த்தார். வட்டத்தில் ஒருத்தி போன வருஷம் பறிகொடுத்த மகனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் கை நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லார் கன்னத்திலும் தண்ணீர். எது வெங்காயத்துக்கு, எது மகனுக்கு என்று பிரித்துப் பார்க்க அங்கே ஆள் இல்லை.

மனசு ஒரு நிமிஷம் இளகத்தான் செய்தது. ஆனால் டைப் அடித்த ஆர்டர் வீணாகலாமா? சொர்ணலதாவைக் கழித்துவிட்டுத் தலைகளை எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"இருபத்திரெண்டு பேர்தான் இருக்காங்க. அந்த இருபத்து மூணாவது ஆள் யாரு? கள்ளப் பேருதானே?"

சொர்ணலதா பதிவேட்டை எடுத்து நீட்டினாள். யார் பெயரையும் எழுதக்கூடாது என்பது வெளிநாட்டுக்காரர்களின் விதி. எண்ணும் விவரமும் மட்டும்தான் இருக்கும்.

'23. ஆண். வயது நாற்பத்தெட்டு. ஆபீஸ் உத்தியோகம். பொங்கலிலிருந்து தூக்கம் இல்லை. யாரைக் கண்டாலும் கோபம். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார். தகவல் தந்தவர்: மனைவி. இன்னும் வரவில்லை.'

இரண்டு தடவை படித்தார். மூன்றாவது தடவை எழுத்து தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கைக்குட்டைக்காகச் சட்டைப்பையில் கை விட்டார். கையோடு வந்தது அந்த ஆர்டர்தான்.

மாயக்காள் ஒரு சாக்கை மடித்துப் பக்கத்தில் போட்டாள்.

"உக்காருங்க சார். இன்னைக்கு வந்த வெங்காயம் நல்ல காரம். இங்கன யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாக."