கைக்குக் கூடுதலாக வந்த சம்பளம்

வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகும் மதியச் சாப்பாட்டையும் வருமானமாகக் கணக்குப் பண்ணி, சம்பளத்திலேயே வரி பிடிக்க ஆரம்பித்துச் சில வருஷங்களாகின்றன. அதனால் கைக்கு வரும் பணம் குறைந்ததற்கெல்லாம் ஞானசுந்தரம் பதறியதில்லை. இந்த மாதம் கூடியிருந்ததுதான் அவரை உறுத்தியது.

சம்பள ஸ்லிப்பைப் பார்த்தார். வீட்டுச் சமையல் வரி என்ற இடத்தில் பூஜ்ஜியம்.

"வேதவல்லி, சாம்பார் யாரு வைக்கிறது?"

"தெருமுனை மெஸ்ல. இந்த மாசம் பிரமாதம்னு தினமும் நீங்கதானே சொன்னீங்க," என்றாள் மனைவி, செருப்பை மாட்டியபடி. அவளுக்கும் ஆபீஸ் உண்டு.

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாளிலிருந்து தானே சமைத்து அவளுக்குக் கட்டிக் கொடுத்தார். டப்பா தினமும் காலியாகவே திரும்பியது. "நல்லா இருந்துச்சுங்க" என்றும் சொன்னாள்.

மாதக் கடைசியில் அவள் ஸ்லிப்பை வாங்கிப் பார்த்தார். அதிலும் அதே இடத்தில் பூஜ்ஜியம்.

"நெசமாச் சொல்லு. சாப்பிட்டியா, நாய்க்குப் போட்டியா?"

"சத்தியமா சாப்பிட்டேங்க."

அவர் நம்பவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கீழே இருந்த பொடி எழுத்தைப் படித்தார்.

'உணவு முழுவதும் உண்ணப்பட்டுள்ளது. வரி விதிக்கும் அளவுக்கு ருசி இல்லை.'