கேட்காமலே முடிக்கும் மாடல்

பதவியைச் சொல்லாமல் பெயரைச் சொல்லாதவர் துணைப் பொது மேலாளர் தணிகைவேலன். கையடக்கச் செயலர் கருவி வாங்கக் கடைக்கு வந்த அவர் முன்னால் விற்பனைப் பெண் இரண்டு மாடல்களை எடுத்து வைத்தாள்.

"இது வேலைய ஞாபகப்படுத்தும் சார். அது கேக்காமலே முடிச்சிரும்."

"ஞாபகப்படுத்துறதெல்லாம் கிளார்க்குக்கும்மா. என் லெவலுக்கு முடிச்சுத் தரணும்."

"ஒரு பல்பு மாத்த மூணு மாசம். இதுல லெவல் வேற," என்றாள் மனைவி செல்வநாயகி.

அவர் இரண்டாவதை வாங்கி, போனில் சேர்ந்துகிடந்த வேலைப் பட்டியலை அங்கேயே அதில் ஏற்றினார். சிலிண்டர் பதிவானது. கரண்ட் பில் கட்டியாயிற்று. திரையை மனைவியிடம் காட்டிச் சிரித்தார்.

அடுத்த வரி, 'அம்மாவின் வென்டிலேட்டர்: டாக்டரிடம் முடிவு சொல்ல வேண்டும்.' தம்பி வரட்டும், அமாவாசை போகட்டும் என்று இருபது நாளாக அவர் தள்ளிவந்த வரி.

"நிறுத்தும்மா இதை!" என்று கத்தினார்.

"நிறுத்துற பட்டன் ஞாபகப்படுத்துற மாடல்லதான் சார் இருக்கு."

பச்சை டிக் விழுந்தது.

"டாக்டர்கிட்ட உங்க சார்பா சொல்லியாச்சு சார், வென்டிலேட்டர எடுத்துட்டாங்க," என்றது செயலர், மிகப் பணிவாக. "ஐஸ் பெட்டி நாலு மணிக்கு வீட்டுக்கு வந்துரும்."