முதல் கிண்ணம்

"இந்தச் சுவரை எடுத்துட்டா கூடம் நல்லா பெருசாயிடும்," என்றார் தச்சர் ஒகுமுரா. கனாசவாவில் அது எழுபது வருடப் பழைய வீடு.

"அது மட்டும் இருக்கட்டும்," என்றான் தெட்சுயா.

அவன் மனைவி மிதோரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இருக்காதா பின்ன? அங்க சயோ இருக்காளே! பதினோரு வருஷமா நான் வடிக்கிற சோத்துல முதல் கிண்ணம் அவளுக்கு. ஊருக்குப் போய்ட்டு வந்தா முதல் பேச்சும் அவகிட்ட. என்கிட்ட மட்டும் வாயே திறக்காது!"

ஒகுமுரா சங்கடத்தோடு சுவரைத் தட்டினார்.

"இது பழைய மண்சுவர் இல்லையேம்மா. பின்னால வச்ச பலகை. யார் வச்சது?"

"நான்தான்," என்றான் தெட்சுயா மெல்ல. "கல்யாணத்துக்கு முந்தின நாள். அவ முகத்தைப் பாத்தா இவளுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு."

மிதோரி அந்தப் பலகையில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு, "எடுத்துடுங்க," என்றாள்.

சுவர் போன மறுநாள் காலை, ஆவி பறக்கும் முதல் கிண்ணத்தை அவளே கொண்டுபோய், இத்தனை நாள் பலகைக்குப் பின்னால் இருந்த பூஜை மாடத்தில் வைத்தாள். எதிரே கறுப்புச் சட்டத்துக்குள், தெட்சுயாவின் இறந்துபோன முதல் மனைவி சயோ சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிடுங்கக்கா. ஆனா ஒண்ணு, இனிமே அவர் உங்ககிட்ட சொல்றதெல்லாம் எனக்கும் கேக்கும்!"