ஏரிக்கரைக் கிருமி

ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக, நாற்பது வயது மகனை ஓங்கி அறைந்தார் பெரியவர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பெத்த தாயை ஏரிக்கரைக் கூலிக்காரின்னு எழுதியிருக்கான். இவனெல்லாம் மனுஷனா டாக்டரம்மா?"

டாக்டரம்மா அப்போதுதான் அந்த அம்மாளின் ரத்த மாதிரிப் படிவத்தைத் தேடி உருவினார். ‘ஊர்: ஏரிக்கரை. தொழில்: கூலி. வயது: அறுபத்திரண்டு.’ மாதிரி எடுத்த சுகாதாரப் பணியாளர் என்ற இடத்தில் மகனின் கையெழுத்து.

புதுக் காய்ச்சல் முதலில் பிடிபட்டது அந்த மாதிரியில்தான். முன்பெல்லாம் கிருமியின் மரபணுவைப் படிக்கவே வாரக்கணக்கில் ஆகும். இந்த முறை ஒரே நாளில் படித்து, எழுபதே நாளில் தடுப்பூசியும் தயார். கிருமி எந்த ஊரில் பிடிபட்டதோ, அந்த ஊருக்கே முதல் ஊசி என்று ஏற்பாடு. பத்திரிகைகளும் ‘ஏரிக்கரைக் கிருமி’ என்றே பெயர் வைத்துவிட்டன.

"அந்தக் காய்ச்சல்ல செத்துப்போனது என் சம்சாரம். இப்ப எங்க தெருவுல நாலு வீட்டுல காய்ச்சல். வீட்டுல மூணு வயசுப் பேத்தி இருக்கா. ஊசியை எங்க ஊருக்குத் திருப்பி விடுங்க."

"ஊசி வண்டி காலையிலேயே ஏரிக்கரைக்குப் போயிடுச்சுய்யா. இந்நேரம் பாதிப் பேருக்குப் போட்டு முடிச்சிருப்பாங்க. அடுத்தது வர மூணு வாரம் ஆகும்."

பெரியவரின் நிமிர்ந்த முதுகு வளையவில்லை.

டாக்டரம்மா மகன் பக்கம் திரும்பினார். "கிருமியை ஒரே நாள்ல படிச்சோம். நீங்க எழுதின பொய்யைப் படிக்க எழுபது நாளாச்சு. யாராவது சொல்லி எழுதினீங்களா?"

"இல்லைம்மா." கன்னத்தைத் தடவிக்கொண்டான். "எங்க வீட்டுலேருந்துதான் நோய் கிளம்புச்சுன்னு ஊர் பேசுமேன்னு, நானாத்தான்..."

"வேலை போயிடும், தெரியுமில்ல?"

"போகட்டும்!" என்றார் பெரியவர். "எங்க வம்சத்துல பொய் சொல்லிப் பிழைச்சவன் ஒருத்தன் கிடையாது."

இருவரும் வெளியேறினார்கள். மகன் சொன்னதை எழுதிக் கையெழுத்து வாங்க மறந்தது நினைவுக்கு வர, டாக்டரம்மா பின்னாலேயே விரைந்தார். படிக்கட்டுத் திருப்பத்தில் மகனின் குரல் கேட்டு அப்படியே நின்றுவிட்டார்.

"நீங்க எழுதச் சொன்னதை நானா எழுதினேன்னு சொல்லிட்டேன், உங்க மானம் பிழைச்சிடுச்சுப்பா... பாப்பா பிழைப்பாளா?"