பார்த்தால் மாறும்

"பொண்ணு பார்க்கப் போறது நீ. எனக்கு எதுக்குடா இஸ்திரி போட்ட சட்டை?"

"இருக்கட்டும்ப்பா. அங்கே போய் வாயை மட்டும் திறக்காதீங்கோ. இந்தச் சம்பந்தமாவது நல்லபடியா அமையட்டும்" என்றான் கிரீஷ்.

ஹரிநாராயணன் ஓய்வு பெற்ற தத்துவப் பேராசிரியர். மனைவி காலமான பிறகு வீட்டில் அவரோடு வாதம் செய்ய ஆளில்லை. பால்காரர், ஆட்டோக்காரர் என்று கிடைத்தவரையெல்லாம் பிடித்து, உலகம் உண்மையா மாயையா என்று கேட்டுக்கொண்டிருந்தார். மகன் பயந்ததில் நியாயம் இருந்தது.

கிழக்கேகோட்டை அக்ரஹாரத்தில் பெண் வீடு. பெண்ணின் அப்பா சுவரில், மாலை போட்ட படத்துக்குள் இருந்தார். அம்மா பத்மஜா கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர். பட்டுப்புடவையில் சங்கடமாக நெளிந்தபடி ஏத்தங்காய் வறுவல் தட்டை நீட்டினார்.

"அவா ரெண்டு பேரும் தனியா பேசட்டுமே" என்று வழக்கம்போல் பேச்சு வந்தது. கிரீஷும் ரெஷ்மாவும் மாடிக்குப் போனார்கள்.

கூடத்து ஜன்னல் வழியே கோயில் கோபுரம் தெரிந்தது. மகன் சொன்னதை ஹரிநாராயணன் கொஞ்ச நேரம்தான் காப்பாற்றினார்.

"பிசிக்ஸாக்கும், இல்லையா? ஒரு சந்தேகம். யாருமே பார்க்கலைன்னா அந்தக் கோபுரம் அங்கே இருக்கா?"

"கோபுரத்துக்கு உங்க தயவு வேண்டாம். எலக்ட்ரானைக் கேளுங்கோ. அளந்து பார்க்கறவரைக்கும் அது இன்ன இடத்திலே இருக்குன்னு சொல்ல முடியாது. அளக்கப் போனா, அளக்கறதே அதை மாத்திடும்."

"பார்க்கறவனை விட்டுட்டு உலகத்தைப் பத்திப் பேச முடியாதுன்னு நாங்க எப்பவோ சொல்லியாச்சே!"

"சொன்னேள். அளந்தேளா?"

ஹரிநாராயணன் வாய்க்குக் கொண்டுபோன வறுவலைத் தட்டிலேயே போட்டார்.

"அளக்காம சொன்னா என்னவாம்?"

"அது அபிப்ராயம். அதை வச்சுண்டு ஒரு பல்புகூட எரியாது."

"பல்பை எரிய விட்டுட்டு, எதை அளந்தோம்னு நீங்க இன்னும் சண்டை போட்டுண்டிருக்கேளே! அர்த்தம் கேட்க எங்ககிட்டதானே வரணும்?"

"வரோம். பின்னே, பதில் சொன்னாத்தானே? ஒரு கேள்விக்கு நாலு கேள்வி தருவேள்!"

இருவர் குரலும் தெருவரை கேட்டது. நடுவில் பத்மஜா சிரித்த சிரிப்பில் காபி தளும்பியது. வந்தவுடன் சர்க்கரை வேண்டாம் என்று சொன்ன ஹரிநாராயணன், சர்க்கரை போட்ட காபியைக் கவனிக்காமலே குடித்து முடித்தார்.

மாடியிலிருந்து இறங்கிய இருவர் முகத்திலும் களையில்லை.

"எங்களுக்குச் சரிவராதும்மா" என்றாள் ரெஷ்மா.

ஹரிநாராயணன் பதறி எழுந்தார். "நான் கத்தினதாலேயா? கொழந்தே, எம்பையன் என்னை மாதிரி இல்லை. அவன் பேசவே மாட்டான்."

"அதில்லை மாமா. எங்க ரெண்டு பேருக்கும் ஒத்துவராது. அவ்வளவுதான்."

அவர் தலையைக் குனிந்தபடி செருப்பை மாட்டினார். பத்மஜா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஆனா... எலக்ட்ரான் விஷயம் பாதியிலே நிக்கறதே?"

"நிக்கறது" என்றார் ஹரிநாராயணன்.

"சம்பந்தம் இல்லேன்னா வாதமும் கூடாதுன்னு உண்டா? அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்கோளேன்."

அவர் சட்டையை ஒரு தடவை நீவிவிட்டுக்கொண்டார். "வரேன். அர்த்தத்தோட வரேன்."

அவர் ஆட்டோ பிடிக்கத் தெருமுனைக்குப் போனார். பத்மஜா காபி டம்ளர்களோடு உள்ளே போனார். வாசலில் நின்ற ரெஷ்மா அதுவரை அடக்கிவைத்த சிரிப்போடு கிரீஷிடம் கிசுகிசுத்தாள்.

"அம்மாவைப் பட்டுப்புடவை கட்டவைக்க நான் பட்ட பாடு! அடுத்த வாரமும் அப்பாவை நல்ல சட்டையிலே அழைச்சுண்டு வந்துடுங்கோ... அண்ணா!"